கோடுகள் எங்கே வெட்டுகின்றன? நொதித் தடுப்பின் வகையை அறிகுறி பார்த்துப் பிரித்தறிதல்

நொதித் தடுப்புத் தரவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் "கலப்புத் தடுப்பு என்று போட்டுவிடலாமா?" என்று கேட்டுக்கொண்டேதான் வருகிறார்கள் (தடுப்பான் வெறும் நொதியோடும், தளப்பொருள், அதாவது நொதி மாற்றும் பொருள், ஏறிய நொதியோடும் வெவ்வேறு இறுக்கத்தில் பிணைவது கலப்புத் தடுப்பு). போடலாம். ஆனால் அப்படி வந்தவற்றில் பல, மறுபடி அளந்து பார்த்தபோது சாதாரணப் போட்டித் தடுப்பாகவே (தளப்பொருள் ஏறாத நொதியோடு மட்டும் தடுப்பான் பிணைவது) முடிந்திருக்கின்றன. குறை தடுப்பானிடம் இல்லை, வேகத்தை அளந்த விதத்தில் இருந்தது. ஆகவே கோட்பாட்டுக்குள் போகாமல், வரைபடத்தில் என்ன தெரிகிறதோ அங்கிருந்தே தொடங்குகிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு பிடிப்பது பிறகு வரும்.

கேஎம் (வேகம் உச்சத்தில் பாதியாகும் தளப்பொருள் செறிவு), விமேக்ஸ் (உச்ச வேகம்), கேஐ (தடுப்பான் எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறது என்பதன் அளவு; சிறிதானால் இறுக்கம்) ஆகியவை தெரிந்தவர்களுக்காக எழுதுவது இது. கோடுகள் என்று நான் சொல்வது லைன்வீவர்–பர்க் வரைபடத்தின் கோடுகளை: நிலைக்குத்து அச்சில் 1/வேகம், கிடை அச்சில் 1/தளப்பொருள் செறிவு. 1934-இல் வந்த இந்த வரைபடம் வகையைக் கண்ணுக்குக் காட்ட நல்லது. அதிலிருந்து எண்களைக் கணக்கிடுவதுதான் வம்பு.

## வரைவதற்கு முன் வகுத்துப் பாருங்கள்

ஒவ்வொரு தளப்பொருள் செறிவிலும், தடுப்பானோடு கிடைத்த வேகத்தைத் தடுப்பான் இல்லாத வேகத்தால் வகுங்கள். ஒரு நிமிட வேலை. கேஎம் 50 மைக்ரோமோலார், விமேக்ஸ் 100 என்று வைத்துக்கொண்டு, தடுப்பானின் விளைவு மூன்று மடங்கு (அதாவது 1 + தடுப்பான் செறிவு/கேஐ = 3) என்றால் கணக்கு இப்படி வரும்:

| தளப்பொருள் (மைக்ரோமோலார்) | தடுப்பான் இல்லாத வேகம் | போட்டித் தடுப்பில் விகிதம் | போட்டியற்ற தடுப்பில் விகிதம் | அன்காம்பெட்டிட்டிவ் தடுப்பில் விகிதம் |
|---|---|---|---|---|
| 10 | 16.7 | 0.375 | 0.33 | 0.75 |
| 25 | 33.3 | 0.43 | 0.33 | 0.60 |
| 50 | 50.0 | 0.50 | 0.33 | 0.50 |
| 100 | 66.7 | 0.60 | 0.33 | 0.43 |
| 250 | 83.3 | 0.75 | 0.33 | 0.375 |

விகிதம் ஏறினால் போட்டி, இறங்கினால் அன்காம்பெட்டிட்டிவ் (தளப்பொருள் ஏறிய நொதியோடு மட்டும் பிணைவது), அசையாமல் நின்றால் போட்டியற்றது (வெறும் நொதியோடும் தளப்பொருள் ஏறியதோடும் ஒரே இறுக்கத்தில் பிணைவது). நடுவரிசையைக் கவனியுங்கள்: தளப்பொருள் கேஎம் அளவில் இருக்கும்போது போட்டித் தடுப்பும் அன்காம்பெட்டிட்டிவ் தடுப்பும் ஒரே 0.50 தருகின்றன. ஒரே ஒரு தளப்பொருள் செறிவில், அதுவும் கேஎம்மில், அளந்துவிட்டு வகையைக் கேட்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்த விகிதப் பட்டியலை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல இடங்களில் தேவைப்படும்.

## அறிகுறி: கோடுகள் நிலைக்குத்து அச்சிலேயே வெட்டுகின்றன

விகிதமும் ஏறுகிறதென்றால் போட்டித் தடுப்புதான். சக்சினேட் டிஹைட்ரஜினேஸை மேலோனேட் தடுப்பது இந்த வகைக்குப் பாடநூல் எடுத்துக்காட்டு. உறுதி செய்ய ஒரு சோதனை போதும்: தளப்பொருளைக் கேஎம்மைப் போல இருபது மடங்காக உயர்த்துங்கள். வேகம் ஏறத்தாழ முழுவதும் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. தளப்பொருளும் தடுப்பானும் கரைசலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் இதே படம் வரும், ஏனென்றால் நொதிக்குக் கிடைக்கும் தளப்பொருள் குறைந்துவிடுகிறது. நொதியைச் சேர்க்காமல் இரண்டையும் கலந்து, நிறமாலையில் மாற்றம் தெரிகிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி: கோடுகள் நிலைக்குத்து அச்சுக்கு இடப்பக்கம் எங்கோ வெட்டுகின்றன

அதிகம் வருவது இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். உண்மையான கலப்புத் தடுப்பு இப்படித்தான் தெரியும். சரியாக அளக்கப்படாத போட்டித் தடுப்பும் இப்படியேதான் தெரியும்.

தொடக்க வேகம் உண்மையில் தொடக்க வேகமா? மூலப் பதிவைத் திறந்து, நேரத்துக்கு எதிரே விளைபொருள் ஏறும் கோட்டைப் பாருங்கள். முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் இணைத்து வேகம் எடுத்திருந்தால் சந்தேகம் அங்கேயே தொடங்கட்டும். தளப்பொருள் குறைவாக உள்ள குழாய்களில், அதுவும் தடுப்பான் இல்லாதவற்றில், தளப்பொருள் வேகமாகத் தீர்கிறது. மேலே உள்ள பட்டியலில் 10 மைக்ரோமோலார் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்பான் இல்லாத குழாயில் 40 சதவீதம் தீரும்வரை காத்திருந்து சராசரி எடுத்தால், வேகம் 16.7-க்குப் பதிலாக 13.5 என்று வரும். அதே நேரத்தில் தடுப்பான் உள்ள குழாய் அவ்வளவு இழக்காது, 6.25-க்குப் பதில் 5.7 காட்டும். 0.375 ஆக இருக்க வேண்டிய விகிதம் 0.42 ஆகிவிடுகிறது. பட்டியலின் குறைந்த செறிவு முனை தட்டையாகிறது, வெட்டும் புள்ளி இடப்பக்கம் நகர்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை, கலப்புத் தடுப்பு பிறந்துவிட்டது!

தீர்வு எளிது. தளப்பொருளில் 10 சதவீதத்துக்கு மேல் தீராத பகுதியை மட்டும் எடுங்கள், 5 சதவீதம் என்றால் இன்னும் நல்லது. அந்தப் பகுதி சில வினாடிகளுக்குள் முடிந்துவிட்டால் நொதியைக் குறையுங்கள்.

கோட்டை வரைந்தது யார்? தலைகீழாக்கிய தரவில் நேர்கோடு பொருத்தியிருந்தால், குறைந்த வேகப் புள்ளிகள் கோட்டைத் தங்கள் பக்கம் இழுத்திருக்கும். வேகம் 20, பிழை 0.2 என்றால் 1/வேகம் 0.0495-க்கும் 0.0505-க்கும் இடையில் அடங்கிக் கிடக்கும். வேகம் 2, பிழை அதே 0.2 என்றால் 0.45-இலிருந்து 0.56 வரை அலையும். வலக்கோடியில் உள்ள அந்த ஒரு புள்ளி மேலும் கீழும் ஆட, மறுமுனையில் வெட்டும் இடமும் ஆடுகிறது. வேகம்–செறிவுத் தரவை மாற்றாமல் அப்படியே வைத்து, எல்லாத் தடுப்பான் செறிவுகளையும் ஒரே சமன்பாட்டில் சேர்த்து, வளைகோடாகப் பொருத்துங்கள். இதைச் செய்யும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வரைபடத்தைக் கடைசியில், காட்டுவதற்கு மட்டும் வரையுங்கள்.

தளப்பொருள் வீச்சு போதுமா? கேஎம்மில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்து மடங்குவரை புள்ளிகள் வேண்டும். தடுப்பான் கேஎம்மை உயர்த்திவிடுகிறது என்பதை மறந்துவிடுவார்கள். தடுப்பான் இல்லாதபோது போதுமாக இருந்த வீச்சு, கேஎம் மூன்று மடங்கான பிறகு போதாது.

இன்னும் வெட்டும் புள்ளி இடப்பக்கமே நிற்கிறதா? இப்போது கலப்புத் தடுப்பைக் கருதலாம். புள்ளி கிடை அச்சுக்கு மேலே இருந்தால் தடுப்பான் வெறும் நொதியோடு இறுக்கமாகவும், நொதி–தளப்பொருள் கூட்டோடு தளர்வாகவும் பிணைகிறது. கீழே இருந்தால் மாறாக. இந்த நிலையில் 1953-இல் டிக்சன் தந்த வரைபடம் மட்டும் போதாது. தடுப்பான் செறிவுக்கு எதிரே 1/வேகத்தை வைக்கும் அந்த வரைபடத்தில், போட்டித் தடுப்பும் கலப்புத் தடுப்பும் இரண்டுமே அச்சுக்கு மேலே வெட்டக்கூடும். அதற்குத் துணையாக 1974-இல் கார்னிஷ்-போடன் சொன்னபடி, தளப்பொருள் செறிவை வேகத்தால் வகுத்து அதே தடுப்பான் செறிவுக்கு எதிரே வரையுங்கள். போட்டித் தடுப்பென்றால் இதில் கோடுகள் இணையாகப் போகும். கலப்பென்றால் வெட்டிக்கொள்ளும். கூடுதல் பரிசோதனை எதுவும் வேண்டாம், இருக்கும் தரவிலேயே செய்யலாம்.

போட்டி மாதிரி, கலப்பு மாதிரி இரண்டும் ஏறத்தாழ சமமாகப் பொருந்தினால், புள்ளியியல் தெரிந்தவரிடம் எஃப் சோதனைக்கோ அகாய்க்கே அளவுகோலுக்கோ கொடுங்கள். கூடுதல் மாறிலி ஒன்று சேர்ந்தால் பொருத்தம் எப்போதும் கொஞ்சம் நன்றாகத்தான் தெரியும், அதை வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது.

## அறிகுறி: விமேக்ஸ் குறைகிறது, கேஎம் அசையவில்லை

வகுப்பில் போட்டியற்ற தடுப்பு என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒரே தளப்பொருள் உள்ள நொதிகளில் சுத்தமான போட்டியற்ற தடுப்பு அரிது என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். கேஎம் மாறாமல் விமேக்ஸ் மட்டும் விழுந்தால், செயல்படும் நொதியின் அளவு குறைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அது குறைவதற்குப் பல வழிகள் உண்டு.

*நொதி செத்துக்கொண்டிருக்கிறதா?* காலையில் தடுப்பான் இல்லாத தொகுதி, பிறகு குறைந்த செறிவு, மாலையில் அதிகச் செறிவு என்று வரிசையாக அளந்திருந்தால், பனிக்கட்டியில் வைத்த நொதி நாள் முழுவதும் இழந்த வேகம் தடுப்பானின் கணக்கில் ஏறியிருக்கும். தடுப்பான் இல்லாத தொகுதியைக் கடைசியில் இன்னொரு முறை அளந்தால் தெரிந்துவிடும். இனிமேல் வரிசையைக் கலைத்து அளவிடுங்கள். இவ்வளவு சுலபமான சோதனையை இவ்வளவு பேர் செய்யாமல் விடுவது எனக்கு இன்றுவரை புரியாத ஒன்று.

*பிஎச் மாறுகிறதா?* தடுப்பானை அமில வடிவிலேயே கரைத்து ஊற்றியிருந்தால் தாங்கல் கரைசல் தோற்றுப்போயிருக்கலாம். அதிகத் தடுப்பான் செறிவுள்ள குழாயில் பிஎச் அளவியை நேரடியாக வைத்துப் பாருங்கள். பாரா-நைட்ரோஃபீனாலின் மஞ்சள் நிறத்தை 405 நானோமீட்டரில் அளப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதன் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் நிறமற்ற வடிவில் இருக்கும் பிஎச்) 7.1-ஐ ஒட்டியது. பிஎச் 7-இல் வேலை செய்தால், பிஎச் கொஞ்சம் இறங்கினாலும் நொதியைத் தொடாமலேயே நிறம் குறையும். எல்லாச் செறிவிலும் ஒரே விகிதத்தில் குறையும், அதாவது அப்பட்டமான போட்டியற்ற தடுப்பைப் போல.

*கரைப்பான் சமமா?* தடுப்பான் டிஎம்எஸ்ஓவில் இருந்தால், தடுப்பான் இல்லாத குழாயிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ இருக்க வேண்டும்.

*இணைநொதி அடிபடுகிறதா?* விளைபொருளை இன்னொரு நொதியிடம் (இதைத்தான் இணைநொதி என்கிறேன்) கொடுத்து, அப்போது உண்டாகும் என்ஏடிஎச்சை 340 நானோமீட்டரில் படிக்கும் முறையென்றால், தடுப்பான் அந்த இரண்டாவது நொதியைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். இணைநொதியை இரட்டிப்பாக்குங்கள். வேகம் கூடினால் நீங்கள் அளந்துகொண்டிருந்தது வேறு நொதியை.

*உலோகத்தைப் பிடுங்குகிறதா?* துத்தநாகம், மக்னீசியம் போன்றவை தேவைப்படும் நொதியென்றால், ஈடிடிஏ மாதிரி உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் எதுவும் இந்தப் படத்தைத் தரும். அந்த உலோக அயனியைக் கூடுதலாகச் சேர்த்தவுடன் தடுப்பு மறைந்தால் பதில் கிடைத்துவிட்டது.

*திரள்கிறதா?* நீரில் சரியாகக் கரையாத சேர்மங்கள் சிறு திரள்களாகி நொதியை ஒட்டிக்கொண்டு முடக்கிவிடும். தடுப்பு வளைகோடு வழக்கத்துக்கு மாறாகச் செங்குத்தாக விழுந்தால், 0.01 சதவீதம் டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்புப் பொருளைச் சேர்த்து மறுபடி அளங்கள். தடுப்பு பெருமளவு காணாமல் போனால், அந்தச் சேர்மத்துக்கு எந்த வகைப் பெயரும் சூட்ட வேண்டாம். விட்டுவிடுங்கள்.

*மீளாத தடுப்பா?* இவையெல்லாம் இல்லையென்றால் நேரத்தைச் சோதியுங்கள். நொதியையும் தடுப்பானையும் தளப்பொருள் இல்லாமல் ஒன்றாக வைத்து, கலந்தவுடன் ஒரு முறை, அரை மணி நேரம் கழித்து ஒரு முறை அளக்க வேண்டும். தடுப்பு ஏறிக்கொண்டே போனால் பிணைப்பு மெதுவானது, அல்லது மீளாதது. இரண்டையும் பிரிக்க நீர்த்தல் சோதனை இருக்கிறது: வழக்கமான அளவைப் போல நூறு மடங்கு நொதியை, ஐசி50-ஐப் (வேகத்தைப் பாதியாக்கும் தடுப்பான் செறிவு) போலப் பத்து மடங்கு தடுப்பானோடு வைத்து, பிறகு தளப்பொருள் கரைசலில் நூறு மடங்கு நீர்த்துப்போகச் செய்யுங்கள். இப்போது நொதி வழக்கமான அளவில், தடுப்பான் ஐசி50-இல் பத்தில் ஒரு பங்கில் இருக்கும். விரைவாக மீளும் தடுப்பானென்றால் வேகம் 91 சதவீதத்தை ஒட்டித் திரும்பும். 10 சதவீதத்திலேயே கிடந்தால் மீளவில்லை. வேகம் முதலில் குறைவாக இருந்து மெல்ல ஏறினால், மெதுவாக விட்டுப் பிரிகிறது.

மீளாதது என்று தெரிந்த பிறகு கேஐ, விமேக்ஸ் பேச்சே வேண்டாம். கணக்கு செயலிழப்பு வேகத்துக்கு மாறிவிடுகிறது. சகப்பிணைப்பு உண்டா என்பதை நிறை நிறமாலைதான் தீர்மானிக்கும். ஆஸ்பிரின் சைக்ளோ ஆக்சிஜினேஸில் செய்வதைப் போல ஓர் அசிட்டைல் தொகுதி ஒட்டியிருந்தால் புரதத்தின் நிறை 42 டால்டன் கூடியிருக்கும். அந்தக் கருவியை வைத்திருப்பவரிடம் போக வேண்டிய இடம் இது.

## அறிகுறி: கோடுகள் இணையாக ஓடுகின்றன

அன்காம்பெட்டிட்டிவ் என்று எழுதுவதற்கு முன் அச்சின் வலக்கோடியைப் பாருங்கள். மிகக் குறைந்த தளப்பொருள் செறிவு கேஎம்மைவிடக் கூடுதலாக இருந்தால், சாய்வு என்ன என்று உங்கள் தரவுக்கே தெரியாது. கோடுகள் ஏறக்குறைய படுத்துக் கிடக்கும், படுத்த கோடுகள் எல்லாம் இணையாகவே தெரியும். கேஎம்முக்குக் கீழே இரண்டு மூன்று புள்ளிகள் சேர்த்து அளங்கள்.

சேர்த்த பிறகும் இணையாகவே இருந்து, விகிதமும் இறங்கினால் நம்பலாம். இந்த வகை அரிது, ஆனால் இல்லாததல்ல: குடல் ஆல்கலைன் பாஸ்பட்டேஸை எல்-ஃபினைல்அலனின் தடுப்பதும், இனோசிட்டால் மோனோபாஸ்பட்டேஸை லித்தியம் தடுப்பதும் இவ்வகைதான்.

நொதிக்குத் தளப்பொருள்கள் இரண்டு என்றால், ஒரு தளப்பொருளை மட்டும் மாற்றி அளந்துவிட்டு வகையைச் சொல்லவே கூடாது. தாவரங்களின் இபிஎஸ்பி சிந்தேஸை எடுத்துக்கொள்ளுங்கள். களைக்கொல்லியான கிளைஃபோசேட், பாஸ்போஈனால்பைருவேட்டை மாற்றி அளந்தால் போட்டித் தடுப்பாகத் தெரிகிறது, ஷிகிமேட்-3-பாஸ்பேட்டை மாற்றி அளந்தால் அன்காம்பெட்டிட்டிவாகத் தெரிகிறது. இரண்டும் சரி. ஷிகிமேட்-3-பாஸ்பேட் முதலில் உட்கார்ந்த பிறகே கிளைஃபோசேட் வந்து, மற்றதன் இடத்தைப் பிடிக்கிறது. எந்தத் தளப்பொருளைப் பொறுத்து என்று சொல்லாத வகைப்பெயர் பாதிப் பெயர்தான்.

## அறிகுறி: கோடு நேராக இல்லை, வளைகிறது

நிலைக்குத்து அச்சை நெருங்கும்போது மேல்நோக்கி வளைந்தால், அதிகத் தளப்பொருள் செறிவில் வேகம் குறைகிறது என்று பொருள். முதலில் ஒளி உறிஞ்சளவு கருவியின் நேர்கோட்டு எல்லையைத் தாண்டிவிட்டதா, தளப்பொருள் முழுவதும் கரைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் தளப்பொருளே தடுக்கிறது. வேகம் உச்சம் தொடும் செறிவு, கேஎம்மையும் அந்தத் தடுப்பு மாறிலியையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். கேஎம் 50, மாறிலி 800 என்றால் உச்சம் 200 மைக்ரோமோலாரில். அதற்கு மேலே உள்ள புள்ளிகளைச் சாதாரணச் சமன்பாட்டில் திணித்தால் எல்லா மாறிலியும் கெட்டுவிடும்.

கீழ்நோக்கி வளைந்தால், நொதியில்லாமலே தளப்பொருள் சிதைகிறதா என்று ஒவ்வொரு செறிவிலும் தனித்தனி வெற்றுக்குழாய் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வெற்றுக்குழாயைக் கழிப்பது இங்கே காலை வாரிவிடும். அதுவும் சரியென்றால் உங்கள் மாதிரியில் ஒன்றுக்கு மேற்பட்ட நொதிகள் இருக்கலாம்.

## அறிகுறி: ஐசி50 ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது

தளப்பொருள் செறிவு மாறியிருந்தால் மாறத்தான் செய்யும். செங்–புருசாஃப் 1973-இல் தந்த தொடர்புப்படி, கேஎம்மில் ஐந்தில் ஒரு பங்கு, கேஎம், ஐந்து மடங்கு கேஎம் ஆகிய மூன்று செறிவுகளில் போட்டித் தடுப்பானின் ஐசி50, கேஐயைப் போல 1.2, 2, 6 மடங்காக வரும். அன்காம்பெட்டிட்டிவ் தடுப்பானுக்கு அதுவே தலைகீழாக 6, 2, 1.2. இதையே வகை காணும் சோதனையாகவும் பயன்படுத்தலாம். பல குழிகள் கொண்ட தட்டில் அளப்பவர்களுக்கு முழு வரைபடத்தைவிட இது மலிவு.

தளப்பொருளை மாற்றாமலே மாறுகிறதென்றால் நொதியின் அளவைப் பாருங்கள். நொதியைப் பாதியாக்கி ஐசி50 எடுங்கள். அதுவும் இறங்கினால் தடுப்பான் இறுக்கமாகப் பிணைகிறது, நொதி தன் பங்குக்குத் தடுப்பானைத் தின்றுவிடுகிறது. குழாயில் 20 நானோமோலார் நொதி இருந்தால், எவ்வளவு வலுவான தடுப்பானானாலும் ஐசி50, 10 நானோமோலாருக்குக் கீழே போக முடியாது. இந்த நிலையில் போட்டித் தடுப்பான்கூடக் கோடுகளில் போட்டியற்றதைப் போலத் தெரியும். டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸில் மெத்தோட்ரெக்சேட் இதற்குப் பேர்போனது. நொதியைக் குறைக்க முடிந்தவரை குறையுங்கள். அதற்கு மேல் குறைக்க முடியாவிட்டால், நொதி பிடித்துக்கொள்ளும் தடுப்பானையும் கணக்கில் சேர்க்கும் மாரிசன் சமன்பாட்டைப் பயன்படுத்துங்கள். செயல்படும் நொதியின் உண்மையான செறிவு தெரியாமல் அதைப் பொருத்துவதில் பயனில்லை, புரதத்தின் மொத்த அளவு அதற்கு ஈடாகாது.

## அறிகுறி: தடுப்பான் எவ்வளவு சேர்த்தாலும் வேகம் பூச்சியத்துக்கு இறங்கவில்லை

முதலில் கரைதிறன்: குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் கலங்கலைப் பாருங்கள். பிறகு வெற்றுக்குழாய். இரண்டும் சரியென்றால் பகுதித் தடுப்பு (தடுப்பான் பிணைந்த பிறகும் நொதி ஓரளவு வேலை செய்வது), அல்லது பாதிக்கப்படாத இன்னொரு நொதி மாதிரியில் இருக்கிறது.

## எப்போது வேறொருவரிடம் போவது

பதிவுக் கோடு முதல் சில வினாடிகளிலேயே வளைந்துவிட்டால், கையால் கலந்து அளப்பதை நிறுத்திவிட்டு விரைவுக் கலப்புக் கருவி இருக்கும் இடத்துக்குப் போங்கள். தளப்பொருள் இல்லாமலே பிணைப்பை அளக்க வேண்டுமென்றால் சமவெப்பக் கலோரிமீட்டர். அதற்கு நிறையச் சுத்தமான புரதம் வேண்டும், ஆகவே கடைசியில். தடுப்பான் எங்கே உட்கார்கிறது என்ற கேள்விக்குப் படிக அமைப்புதான் பதில் சொல்லும். வேகத் தரவு இடத்தைக் காட்டாது. போட்டித் தடுப்பு என்றாலே செயல்மையத்தில்தான் பிணைகிறது என்று எழுதிவிடுகிறார்கள், வேறிடத்தில் பிணைந்து தளப்பொருளை வரவிடாமல் செய்தாலும் கோடுகள் அதே அச்சில்தான் வெட்டும்.

யாரிடம் போனாலும், பொருத்திய கோடுகளின் படத்தை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். ஒவ்வொரு குழாயின் மூலப் பதிவு, அளந்த வரிசை, நொதியின் அளவு, தடுப்பானோடு எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள், டிஎம்எஸ்ஓ எத்தனை சதவீதம், நாளின் கடைசியில் மறுபடி அளந்த தடுப்பான் இல்லாத வேகம் ஆகியவற்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.